ஆம்பிளிஃபயரும் ஸ்பீக்கரும் பொருந்துமாறு

ஒலிபெருக்கி என்னுஞ் சொல் நம் மொழியில் வேரூன்றிவிட்டது. ஆயினும் அச்சொல் சுட்டும் கருவியை உற்று நோக்குவார்க்கு அப்பெயர் அதற்குப் பொருந்தாமை எளிதிற் புலனாகும். கோயிலடி மரத்திலும் பந்தற்காலிலும் கட்டப்பெறும் ஸ்பீக்கர் எதனையும் பெருக்குவதில்லை. தன்பால் வந்து சேரும் மின்னோட்டத்தைக் காற்றின் அசைவாக மாற்றுதலே அதன் தொழில். அம்மாற்றத்திலும் பெரும்பகுதியை வெப்பமாக்கி இழந்துவிடுகின்றது. பெருக்குந் தொழிலைச் செய்வது மேசைமீது அமர்ந்திருக்கும் ஆம்பிளிஃபயரே. பெயரிட்டதில் நேர்ந்த இம்மயக்கம் பெயரளவில் நின்றிருப்பின் யாம் இதனை எழுத முற்பட்டிருக்க மாட்டோம். அது செயலிலும் தொடர்கின்றது. ஓசை போதவில்லை என்றால் ஸ்பீக்கர்களைக் கூட்டிக் கட்டுகின்றனர். ஸ்பீக்கர்தானே பெருக்குவது என்னும் எண்ணம் போலும்! சிறிது நேரத்தில் ஆம்பிளிஃபயர் சூடேறி அடங்கிவிடுகின்றது. மைக் செட்டினை வாடகைக்கு விட்டு வாழும் ஏழைக் குடும்பத்தார்க்கு ஒரு பருவத்தின் வருவாய் ஓரிரவில் அழிந்துபடுகின்றது. ஆதலின் இவ்விரு கருவிகளும் எவ்வாற்றான் ஒன்றோடொன்று பொருந்தும் என்பதனை ஈண்டு ஆராய்வோம். கணக்கு வருமே என்று தமிழ் பயிலும் நண்பர்கள் அஞ்ச வேண்டா. பெருக்கலும் வகுத்தலும் அறிந்தார்க்கு இது போதும்.

எமது தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரம், அரூர், பாலக்கோடு முதலிய பகுதிகளின் சிற்றூர்களில், நெடுங்காலம் அரசோச்சியது கூம்பு வடிவக் குழாய் ஸ்பீக்கர். திரௌபதி அம்மன் கோயிலில் பகலிற் பாரதச் சொற்பொழிவும் இரவிற் கூத்தும் நடைபெறும் நாட்களில் இரண்டு குழாய்களை வேப்பமரத்தில் எதிரெதிர்த் திசைநோக்கிக் கட்டிவிட்டால் சுற்றுப்பட்டி முழுவதும் கேட்கும். இப்பொழுதோ விழாக்களுக்கு இசைவு வழங்கும் காவல் துறையினர், கூம்புக் குழாய் கூடாது, பெட்டி வடிவ ஸ்பீக்கரே வைத்தல் வேண்டும் என்று கட்டளையிடுதல் வழக்கமாயிற்று. குழாயின் கொடிய ஓசை நோயாளிகளையும் மாணவர்களையும் வருத்துவதனை நினைக்குங்கால் அக்கட்டளை தக்கதே என்போம். ஆனால் குழாய் இறங்கிப் பெட்டி ஏறியபோது மேசைமேல் இருந்த ஆம்பிளிஃபயர் மாறவில்லை, கம்பி மாறவில்லை, கட்டும் முறையும் மாறவில்லை. தொல்லை முழுவதும் இங்கே பிறக்கின்றது. என்னை? குழாய் ஆம்பிளிஃபயரை மிகவுங் குறைத்துக் கேட்கும் கருவி. பெட்டியோ மிகுத்துக் கேட்கும் கருவி.

ஸ்பீக்கர் ஆம்பிளிஃபயரிடம் கேட்பவை இரண்டு. எத்துணை ஆற்றல் வேண்டும் என்பது ஒன்று. அவ்வாற்றலை எவ்வடிவில் வேண்டும் என்பது மற்றொன்று. முன்னதை முதலிற் காண்போம்.

தருமபுரியின் பழம்பெயர் தகடூர் என்பதனையும், அஃது அதியமானின் ஊர் என்பதனையும் நாம் அறிவோம். அவ்வதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடிய ஔவையார், மன்றத்திலே தொங்கவிட்ட தண்ணுமையின் கண்ணிற் காற்று மோதி எழும் ஓசையைக் கேட்டாலும் போர் வந்ததென்று எழுபவன் தன் தலைவன் என்று புறநானூற்றில் அவனது மறத்தைப் புகழ்கின்றார். அதியமானின் மறம் நிற்க. அத்தண்ணுமையை நோக்குக. இழுத்துக் கட்டிய மெல்லிய தோல் வெறுங்காற்றுக்கே ஒலிக்கின்றது. தடித்த தோல் போர்த்த பெருமுரசமோ வலிய கோல்கொண்டு அறைந்தாலன்றி வாய் திறவாது. ஸ்பீக்கர்களிலும் இவ்விரு இனமும் உண்டு. ஒரு வாட் ஆற்றலைத் தந்து, ஒரு மீட்டர் தொலைவில் எழும் ஓசையை டெசிபல் என்னும் அலகால் அளந்து, அவ்வெண்ணை ஸ்பீக்கரின் உணர்திறன் என்று குறிக்கின்றனர். குழாய் ஸ்பீக்கரில் உள்ள சிறு தகட்டினைக் கூம்பு சிறிது சிறிதாக வெளிக்காற்றோடு இணைப்பதால் அதன் உணர்திறன் 105 டெசிபல் அளவிலும் அதற்கு மேலும் நிற்கும். வீட்டில் இசை கேட்பதற்கென்று செய்யப்பெறும் நல்ல பெட்டிகள் பலவற்றின் உணர்திறன் 85 டெசிபல் அளவினதே. விழாப் பெட்டிகள் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவை.

105க்கும் 85க்கும் உள்ள வேற்றுமை இருபதுதானே என்று தோன்றலாம். டெசிபல் கணக்கு அவ்வாறு கூட்டிக் கழிப்பதன்று. மூன்று டெசிபல் ஏற்றுதற்கு ஆற்றல் இருமடங்காதல் வேண்டும். பத்து டெசிபலுக்குப் பத்து மடங்கு. இருபதுக்கு நூறு மடங்கு. ஆகவே குழாய் ஒரு வாட் கொண்டு செய்ததனை அப்பெட்டி செய்வதற்கு நூறு வாட் வேண்டும். ஜீப்பின் மேலே குழாயைக் கட்டி, 12 வோல்ட் பேட்டரி ஒன்றையே துணையாகக் கொண்டு தேர்தற் காலத்தில் ஊரூராக முழங்கிச் சென்றனரே, அஃது எவ்வாறு இயன்றது என்பது இப்பொழுது விளங்கும். அந்த ஆம்பிளிஃபயரிற் பெரிய வலிமை ஒன்றும் இல்லை. குழாயின் சிக்கனமே அதனைச் செய்தது. ஆனால் குழாயிலே தாழ்ந்த சுருதிகள் எழா. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் அதிற் கேட்பதேயில்லை. இனிமை வேண்டுமெனின் பெட்டி வேண்டும். பெட்டி வேண்டுமெனின் ஆற்றல் வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி, ஆற்றலின் வடிவம் பற்றியது. பிழைகள் மலிந்த இடம் இதுவாகலின் சற்று விரிவாகக் கூறுவோம்.

ஊரிலுள்ள மேல்நிலை நீர்த்தொட்டியை மனத்திற் கொள்க. தொட்டியின் உயரம் மின்னழுத்தம், அஃதாவது வோல்ட். குழாயில் ஓடும் நீர் மின்னோட்டம், அஃதாவது ஆம்பியர். குழாயின் குறுகல் தடை. அதனை ஓம் என்னும் அலகால் அளப்பர். குறுகிய குழாய்க்கு ஓம் மிகுதி. அகன்ற குழாய்க்கு ஓம் குறைவு. ஆம்பிளிஃபயர் 20 வோல்ட் தருகின்றதெனக் கொள்வோம். 8 ஓம் ஸ்பீக்கரை இணைத்தால் 2.5 ஆம்பியர் ஓடும். ஆற்றல் 50 வாட். 4 ஓம் ஸ்பீக்கராயின் 5 ஆம்பியரும் 100 வாட்டும் ஆகும். 2 ஓம் எனின் 10 ஆம்பியர், 200 வாட். பார்ப்பதற்கு இது நன்மையே போலத் தோன்றும். கட்டணமின்றி ஆற்றல் இரட்டிக்கின்றதன்றோ? ஆனால் அந்த ஆம்பியர்களைத் தருதல் ஆம்பிளிஃபயரின் கடமை. உள்ளிருக்கும் மின்மாற்றியும் டிரான்சிஸ்டர்களும் அதற்கேற்ற வலிமை உடையனவல்லவேல் வெப்பம் மிகும்; காப்புச் சுற்று இருந்தால் அது தானே அடங்கும்; இல்லையேல் டிரான்சிஸ்டர் போகும்.

ஒரு தொட்டியில் ஒரு குழாய்க்குப் பதிலாக நான்கு குழாய்களைத் திறந்தால் நீர் நான்கு மடங்கு வெளியேறும். அவ்வாறே நான்கு 8 ஓம் பெட்டிகளைப் பக்க இணைப்பிற் கட்டினால் ஆம்பிளிஃபயருக்கு அவை 32 ஓம் ஆகா. 2 ஓம் ஆகும். ஸ்பீக்கரின் எண்ணிக்கை ஏற ஏற ஓம் இறங்கும் என்னும் இவ்வொன்றனை அறிந்திருந்தாற் பல ஆம்பிளிஃபயர்கள் பிழைத்திருக்கும்.

பென்னாகரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் கிறிஸ்து பிறப்புத் திருநாளிரவு யாம் கண்டது இதற்குச் சான்றாகும். ஆலய முற்றத்தில் நான்கு பெட்டிகள். நான்கும் ஒரே முனையிற் பக்க இணைப்பாகக் கட்டப்பெற்றிருந்தன. கீதம் இரண்டாம் சரணத்தை எட்டுமுன் ஆம்பிளிஃபயர் அடங்கியது. சிறிது ஆறவிட்டுத் திரும்பவும் ஏற்றினர், மீண்டும் அடங்கியது. பெட்டி கெட்டது என்றார் ஒருவர்; மைக் கெட்டது என்றார் மற்றொருவர். அவ்வூர்ப் பெரியவர் ஒருவர், முன்னாளிற் குழாய் கட்டியவராம், விளக்கொளியிற் கம்பிகளைப் பார்த்துவிட்டு, "தம்பி, ரெண்டு ரெண்டா சேர்த்துக் கட்டுப்பா" என்றார். இரண்டு பெட்டிகளைத் தொடரிணைப்பிற் கட்டினால் 16 ஓம். அத்தகைய இரண்டு இணைகளைப் பக்க இணைப்பிற் சேர்த்தால் மீண்டும் 8 ஓம். அவ்வாறே கட்டி 8 ஓம் முனையிற் செருகினர். விடியும்வரை ஆம்பிளிஃபயர் வெதுவெதுப்பாகவே இருந்தது. பெட்டி அவையே, மைக்கும் அதுவே. ஓம் விதியை அப்பெரியவர் எந்தப் பள்ளியிலும் படித்தவரல்லர்.

அவர்க்கு அவ்வறிவு வந்த வழியையும் கூறுதல் வேண்டும். நம் நாட்டுப் பொது அரங்க ஆம்பிளிஃபயர்களின் பின்புறத்தே 4 ஓம், 8 ஓம், 16 ஓம், 70 வோல்ட், 100 வோல்ட் என்றெழுதிய திருகு முனைகள் வரிசையாக இருக்கும். குழாய்களைத் தொலைவிற் கட்டுவோர் 100 வோல்ட் முனையையே பயன்படுத்துவர். ஒவ்வொரு குழாயிலும் சிறு மின்மாற்றி ஒன்று உண்டு. அஃது 100 வோல்ட்டினைத் தாழ்த்திக் குழாய்க்கு ஊட்டும். இம்முறையில் ஓம் கணக்கே வேண்டுவதில்லை. 15 வாட் குழாய் நான்கு எனின் 60 வாட். அக்கூட்டுத்தொகை ஆம்பிளிஃபயரின் வாட்டுக்கு மேற்படாதிருந்தாற் போதும். கம்பியிலும் இழப்பு மிகக் குறைவு. 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியை 50 மீட்டர் தொலைவுக்கு இழுத்தால், போக்கும் வரவும் சேர்ந்து ஏறத்தாழ 1.2 ஓம் தடை உண்டாகும். 4 ஓம் பெட்டியை அதன் முனையிற் கட்டினால் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்குச் சிறிது குறைவாகக் கம்பியிலேயே வீணாகும். அதே கம்பியில் 100 வோல்ட் முறையில் 100 வாட் அனுப்பினால் இழப்பு நூற்றில் ஒன்றே. ஆனால் மின்மாற்றியில்லாத 8 ஓம் பெட்டியை மறதியாக 100 வோல்ட் முனையிற் செருகிவிட்டால், அஃது ஆம்பிளிஃபயரிடம் 1250 வாட் கேட்கும்! குழாய்ப் பழக்கத்திற் கைதேர்ந்தவர் பெட்டியைக் கட்டும்போது இடறும் இடங்களுள் இது தலையாயது.

மேலே தடை தடை என்று கூறிவந்தோம். உண்மையில் ஸ்பீக்கரின் தடை நிலையான ஓரெண் அன்று. மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடையை இம்பிடன்ஸ் என்பர். அது சுருதிக்குச் சுருதி வேறுபடும். 8 ஓம் என்று பொறிக்கப்பெற்ற பெட்டி ஒரு சுருதியில் 30 ஓம் காட்டும். மற்றொன்றில் 6 ஓம் வரை இறங்கும். அன்றியும், ஸ்பீக்கரின் தாள் முன்னும் பின்னும் அசையும் ஊஞ்சல் போன்றது. ஊஞ்சலைத் தள்ளுபவன் அது திரும்பி வருங்கால் தாங்கவும் வேண்டும். அதனால் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒருங்கே ஏறி ஒருங்கே இறங்குவதில்லை. அழுத்தம் தாழ்ந்த நேரத்திலும் ஓட்டம் மிகுதியாகக் கேட்கப்படும். டிரான்சிஸ்டருக்கு அதுவே கடுஞ்சோதனை. விலைப்பட்டியலில் வாட் எண் மட்டும் கண்டு வாங்குவோர் இதனை அறியார். பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் வாட் அச்சிட்டு விற்கும் பெட்டிகளைப் பற்றிப் பேசாதிருத்தலே நன்று.

இத்தொல்லை நம் சிற்றூர்க்கு மட்டும் உரியதென்று எண்ணற்க. இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் என்பவர் 1957இல் வெளிக்கொணர்ந்த குவாட் மின்நிலைம ஸ்பீக்கர் இன்றும் இசையன்பரால் போற்றப்படுகின்றது. அதில் தாளும் இல்லை, காந்தமும் இல்லை. துளைத்த தகடுகளின் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று அசைந்து ஒலிக்கும். அதன் இம்பிடன்ஸ் தாழ்ந்த சுருதியில் மிக உயர்ந்தும், மிக உயர்ந்த சுருதியில் 2 ஓமுக்குங் கீழே இறங்கியும் நிற்கும். அதே நிறுவனத்தார் 1953இல் செய்த 15 வாட் வால்வு ஆம்பிளிஃபயரோடு அஃது இனிது பொருந்தியது. பின்னர் வந்த டிரான்சிஸ்டர் ஆம்பிளிஃபயர்கள் சில, வாட்டில் விஞ்சியிருந்தும், அதன்முன் நிலைகுலைந்தன. வேறு சில வலிமை மிகுந்து, தகடுகளிடையே பொறி பறக்கச் செய்து, படலத்தையே துளைத்தன. வலியது என்பது வேறு, பொருந்துவது என்பது வேறு. அமெரிக்காவில் 1980களில் அப்போஜி நிறுவனத்தார் செய்த சிண்டில்லா என்னும் ஸ்பீக்கரின் இம்பிடன்ஸோ ஒரே ஓம். நம் 20 வோல்ட் கணக்கை அதற்குப் பொருத்தினால் 20 ஆம்பியர், 400 வாட் ஆகும். அக்காலத்து ஆம்பிளிஃபயர்களுள் அதனைத் தாங்கியவை சிலவே.

வால்வுக்கும் டிரான்சிஸ்டருக்கும் இடையே நினைவிற்கொள்ளத்தக்க வேற்றுமை ஒன்று உண்டு. வால்வு ஆம்பிளிஃபயரை ஸ்பீக்கர் இன்றி ஓட்டினால் அதன் மின்மாற்றிக்குக் கேடு. டிரான்சிஸ்டர் ஆம்பிளிஃபயருக்கு ஸ்பீக்கர் இல்லாமை கேடன்று. கம்பி இரண்டும் ஒட்டிக்கொள்வதே கேடு.

ஆம்பிளிஃபயர் சிறியதாயின் ஸ்பீக்கருக்கு ஆபத்தில்லை என்று பலரும் நம்புகின்றனர். இந்நம்பிக்கை தவறானது. மிருதங்கத்தின் ஓர் அடியை எண்ணுக. அடி விழும் கணத்தில் வேண்டும் ஆற்றல், சராசரி ஆற்றலினும் பத்து மடங்காதல் எளிது. சராசரி 10 வாட்டில் நிகழும் கச்சேரிக்கு அடி விழுங்கால் 100 வாட் வேண்டும். 40 வாட் ஆம்பிளிஃபயரை முழுதுந் திருகிவைத்தால் அலையின் முகடுகளெல்லாம் கத்தியாற் சீவியது போலத் தட்டையாகும். காதுக்கு அது கரகரப்பு. அவ்வாறு சீவப்பெற்ற அலை தன் உயரத்துக்குரிய அளவினும் மிகுதியான ஆற்றலை இடைவிடாது சுமந்து செல்லும். அதில் உயர்ந்த சுருதிகளின் பங்கும் ஏறிவிடும். பெட்டியில் உள்ள டுவீட்டர் சில வாட்டுகளே தாங்கும் மென்மையான உறுப்பு. முதலிற் கருகுவது அதுவே. ஆகவே தொடர்ந்து 50 வாட் தாங்கும் பெட்டிக்கு 75 முதல் 100 வாட் வரையுள்ள ஆம்பிளிஃபயரை வைத்து, திருகினை அளவோடு நிறுத்துதல் பாதுகாப்பானது. 20 வாட் ஆம்பிளிஃபயரைக் கடைசிவரை திருகுதலே ஆபத்து.

இவையனைத்தும் சுவரில் 230 வோல்ட் உள்ளதெனக் கொண்டு கூறியவை. பம்ப் செட்டுகள் ஓடும் நேரத்தில் கடைக்கோடி ஊர்களில் அது 190 ஆகத் தாழ்ந்தால், பழைய முறை மின்மாற்றி கொண்ட ஆம்பிளிஃபயரின் உள்ளழுத்தமும் அவ்விகிதத்தில் இறங்கும். ஆற்றலோ அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் போய்விடும். மாலையில் ஒத்திகை பார்த்தபோது தெளிவாயிருந்த ஓசை இரவிற் கரகரப்பதன் காரணம் பலவிடத்தும் இதுவே. திருகினை மேலும் ஏற்றுதல் இதற்கு மருந்தாகாது.

பெட்டி மிகுத்துக் கேட்கும் என்றோம். அக்கேள்வியைக் குறைக்கும் வழி ஒன்றுண்டு, அது செலவில்லாதது. திறந்த வெளியில் தொலைவு இருமடங்கானால் ஓசை 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 105 டெசிபல் தந்த குழாய் 32 மீட்டரில் 75 டெசிபல்தான் தரும். குழாய்க்காலத்து வழக்கப்படி பெட்டிகளையும் மேடையின் இருபுறத்தே உயரக் கட்டி ஊர்முழுதும் எட்டச் செய்ய முயலுகின்றனர். அவ்வாறன்றி, கூத்துப் பார்ப்போர் அமரும் இடத்தை ஒட்டி, 100 வோல்ட் கம்பியில் மின்மாற்றியோடு கூடிய சிறு பெட்டிகள் நான்கைந்தினைத் தாழ வைக்கலாம். 32 மீட்டர் தொலைவிலிருந்த பெட்டி 8 மீட்டருக்கு அருகே வந்தால் 12 டெசிபல் மிச்சமாகும்; அஃதாவது ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்கு ஆற்றல் போதும். 100 வாட் வேண்டிய இடத்தில் 6 வாட்டுக்குச் சிறிது மேல். 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல் என்று வரையறுத்துள்ளன. ஊர்க்கோடியில் நோயுற்றுக் கிடப்பார் உறங்குவர். முன்வரிசைக் கிழவிக்குத் திரௌபதியின் சபதம் சொற்சொல்லாகக் கேட்கும். பழைய 60 வாட் ஆம்பிளிஃபயரே அதற்குப் போதும்.